‘எலிகளில்’ என்ற சொல் எங்கே போயிற்று?

ஆய்வகத்தில் சுண்டெலிகளோடு முப்பது வருடம் காலம் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவள் நான். விஞ்ஞானிகள் பேசுவது ஏன் புரியவில்லை, புரிந்தாலும் ஏன் நம்ப முடியவில்லை என்று கேட்டுத்தான் இந்த மாதக் கடிதங்களில் பாதி வந்திருக்கின்றன. அவற்றுக்கு மட்டும் இப்போது பதில் எழுதுகிறேன்.

கே: தீராத நோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாக மாதம் ஒரு செய்தியாவது வருகிறது. அந்த மருந்தெல்லாம் எங்கே போகிறது? பத்திரிகைகள் கட்டிவிடும் கதையா? – கல்லூரி மாணவி ஒருவர்

ப: பத்திரிகைகள் மேல் பழியைப் போட்டுவிட எனக்கும் ஆசைதான். மனசாட்சி இடம் தரவில்லை.

எங்கள் குழு ஒரு நரம்பு நோயில் வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு வேதிப்பொருளைக் கொடுத்ததும் நோயுற்ற சுண்டெலிகள் கொஞ்சம் நன்றாக நடந்தன. ஆய்வுக்கட்டுரை வெளியான அன்று நிறுவனத்திலிருந்து பத்திரிகைகளுக்குச் செய்திக்குறிப்பு போயிற்று. தலைப்பில் ‘நம்பிக்கை’, முதல் பத்தியில் ‘சிகிச்சை’. ‘எலிகளில்’ என்ற சொல் நான்காம் பத்தியில் இருந்தது. அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினார்கள். நான்தான் சரி என்றேன்.

மறுநாள் ஒரு தகப்பனார் தொலைபேசியில் கூப்பிட்டார். “பையனுக்கு ஒன்பது வயசும்மா. எடை இருபத்திரண்டு கிலோ. ஒரு வேளைக்கு எவ்வளவு கொடுக்கணும்?” என்று கேட்டார். எடையைச் சரியாகப் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டு பேசினார். என் எலியின் எடை 25 கிராம். இது இன்னும் மருந்தே ஆகவில்லை என்று அவருக்கு விளங்க வைக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. போனை வைத்த பிறகு அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இது என் ஒருத்தியின் குற்றம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பிரிட்டனின் இருபது பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை மூல ஆய்வுக்கட்டுரைகளோடு ஒப்பிட்டு 2014இல் ஓர் ஆய்வு வந்தது. விலங்கு ஆய்வுகளைப் பற்றிய குறிப்புகளில் 36 சதவீதம், விலங்குகளில் கண்டதை மனிதருக்கும் பொருந்துவதாக மிகைப்படுத்தியிருந்தன. குறிப்பே அப்படி மிகைப்படுத்தியிருந்தால் அதை வைத்து எழுதிய செய்திகளில் 86 சதவீதம் அதையே செய்தன; குறிப்பு அடக்கமாக இருந்தபோது 10 சதவீதம்தான். ஆக, கயிறு திரிப்பது பெரும்பாலும் எங்கள் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது.

கே: ஒரு பழக்கத்தால் நோய் அபாயம் ‘இரு மடங்காகிறது’ என்று படித்ததும் பயந்து அதை விட்டுவிட்டேன். சரிதானே? – பெயர் வேண்டாம் என்ற வாசகர்

ப: எதிலிருந்து எதற்கு இரு மடங்கு? அதைக் கேட்காமல் எதையும் விடாதீர்கள், தொடங்கவும் செய்யாதீர்கள்.

பிரிட்டனில் 1995 அக்டோபரில், புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டும் அபாயம் இரு மடங்காகிறது என்று மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. சொன்னது பொய்யில்லை. ஆனால் பழைய மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புதியதில் இருவருக்கு வந்தது, அவ்வளவுதான். பயந்துபோய்ப் பல பெண்கள் மாத்திரையையே நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாக ஏறக்குறைய 13,000 கருக்கலைப்புகள் நடந்தன. இதில் வேதனை என்னவென்றால், கர்ப்பகாலத்தில் ரத்தம் கட்டும் அபாயம் அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம். ‘ஏழாயிரத்தில் ஒன்று, இரண்டாகிறது’ என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

கே: கருந்துளையின் புகைப்படம் என்று 2019இல் காட்டினார்களே, அந்த ஆரஞ்சு நிறம் நிஜமா? – பள்ளி ஆசிரியர்

ப: நிறம் நிஜமில்லை. 1.3 மில்லிமீட்டர் அலைநீள ரேடியோ அலைகளுக்கு ஏது நிறம்? எங்கே பிரகாசம் கூடுதல் என்று காட்டப் பூசியது அது. ஆனால் அந்த வளையம் கற்பனையில்லை. உலகில் பல இடங்களில் இருந்த எட்டு தொலைநோக்கிகள் 2017 ஏப்ரலில் ஒரே நேரத்தில் பார்த்தன. பதிவுகள் வன்தட்டுகளில் விமானம் ஏறின. தென்துருவத்துப் பெட்டிகள் குளிர்காலம் முடியும்வரை காத்துக் கிடந்தன. பிறகு நான்கு அணிகள், ஒன்றோடொன்று பேசாமல், தனித்தனியே படம் உருவாக்கின. நான்கிலும் வளையம் வந்தது! மாணவர்களிடம் பேசும்போது படத்தைவிட இந்தப் பேசாத நான்கு அணிகளைப் பற்றித்தான் நான் அதிக நேரம் சொல்வேன். நம்ப வைப்பது அதுதான்.

கே: என் முதல் கட்டுரை வெளிவந்திருக்கிறது. பொதுமக்களுக்குப் பத்து நிமிடம் பேசச் சொல்கிறார்கள். கை நடுங்குகிறது. – இளம் ஆய்வாளர்

ப: வாழ்த்துகள். நடுங்கட்டும், அது நல்லதுதான். கலைச்சொற்களைக் குறைக்கச் சொல்லி எல்லோரும் உங்களுக்குப் புத்தி சொல்லியிருப்பார்கள். கலைச்சொல் அவ்வளவு ஆபத்தில்லை. புரியவில்லை என்றால் சபையில் யாராவது கை தூக்குவார். புரிந்ததுபோலத் தோன்றும் சாதாரணச் சொல்தான் காலை வாரும். ‘அளவீட்டுப் பிழை’ என்று நீங்கள் சொன்னால் எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பது பொருள். கேட்பவர் காதில் ‘தப்பு செய்துவிட்டார்கள்’ என்று விழும். ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ என்றால் உங்களுக்குத் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு, அவருக்கோ பெரிய வேறுபாடு. ‘கோட்பாடு’ என்றால் உங்களுக்குச் சோதித்துப் பார்த்த விளக்கம், அவருக்கு வெறும் ஊகம். இந்த மூன்றையும் மேடைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

உவமை தாராளமாகச் சொல்லுங்கள், எந்த இடத்தில் உடையும் என்பதையும் சேர்த்து. ரப்பர் விரிப்பில் கனமான குண்டை வைத்து ஈர்ப்பு விசையை விளக்குவார்களே, அந்தக் குண்டு விரிப்பில் அமிழ்வதே ஈர்ப்பு விசையால்தானே என்று ஒரு சிறுமி என்னைக் கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

முடிவை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடாதீர்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எங்கே சறுக்கினீர்கள், எது இன்னும் தெரியாது என்பதற்கு ஐந்து நிமிடமாவது ஒதுக்குங்கள்.

கே: தவறாகிப் போனால் விஞ்ஞானிகள் வெட்கப்படுவதில்லையே? – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

ப: படுகிறோம் ஐயா, நன்றாகவே. சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ நிலத்தடி ஆய்வகத்துக்கு 730 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ விநாடி (ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோ விநாடி) முன்னதாகக் கடந்ததாக, அவற்றை அளந்த ஓபெரா என்ற ஆய்வுக் குழு 2011 செப்டம்பரில் அறிவித்தது. தூரக் கணக்கில் வெறும் 18 மீட்டர் முந்தியதுபோல. ஒளியை எதுவும் முந்த முடியாது என்ற ஐன்ஸ்டைன் தோற்றார் என்று உலகமே அமளிப்பட்டது. குழுவோ தாங்கள் மாதக்கணக்கில் தேடியும் தவறு பிடிபடவில்லை, மற்றவர்களும் சோதியுங்கள் என்றுதான் கேட்டிருந்தது. சில மாதங்களில் விஷயம் தெரிந்தது: ஓர் ஒளியிழைக் கேபிள் சரியாகச் செருகப்படவில்லை. 2012இல் குழுத் தலைவர் பதவி விலகினார்.

எனக்கு அவர்கள்மேல் இன்றும் மரியாதை உண்டு. தளர்ந்த கேபிளைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அதே குழுதான்.

கே: எல்லாக் கட்டுரையிலும் ‘இருக்கலாம்’, ‘இருக்கலாம்’ என்றே எழுதுகிறீர்களே, எரிச்சலாக இல்லையா? – இல்லத்தரசி

ப: எனக்கும் எரிச்சல்தான். அந்தத் தகப்பனார் கூப்பிட்ட நாளுக்குப் பிறகு, ஓர் ‘இருக்கலாம்’ஐக்கூட நான் அடித்து நீக்கவில்லை.