சம்பளம் ஏன் பிந்துகிறது? டெல்லி கல்லூரிக் கணக்கு: கேள்வி பதில்

டெல்லியில் மானியம் பெறும் ஒரு கல்லூரியின் கணக்குப் பிரிவில் 26 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இங்குள்ள நம் ஆட்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

துவாரகா, உதவிப் பேராசிரியரின் மனைவி: சார், என் வீட்டுக்காரருக்குச் சம்பளம் எப்போது வரும் என்றே சொல்ல முடியவில்லை. அதே பல்கலைக்கழகத்தின் வேறு கல்லூரியில் இருக்கும் என் தங்கைக்கு மாசக் கடைசியில் டாண் என்று வந்துவிடுகிறது. ஏன்?

பட்டம் தருவது ஒரே டெல்லிப் பல்கலைக்கழகம்தான் அம்மா, பணம் வருகிற வாசல் வேறு. அறக்கட்டளைக் கல்லூரிகளின் பராமரிப்புச் செலவில் 95 சதவீதம் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தருகிறது, மீதி 5 அறக்கட்டளையின் பொறுப்பு. 12 கல்லூரிகளை மட்டும் டெல்லி அரசு முழுசாகத் தாங்குகிறது. உங்கள் துவாரகாவில் இருக்கும் தீன்தயாள் உபாத்யாயா, பாஸ்கராச்சாரியா இரண்டும் அதில் சேர்ந்தவை. அங்கே மானியம் தவணையாக வரும். தவணை பிந்தினால் சம்பளமும் பிந்தும்.

பீதம்புரா வாசகர்: ஆசிரியர்களுக்கு அள்ளிக் கொடுப்பதால்தானே பற்றாக்குறை?

இந்தப் பேச்சைக் கேட்டால் இன்றும் எனக்கு மனசு வலிக்கும். கல்லூரியில் செலவின் பெரும்பகுதி சம்பளம்தான், மறுக்கவில்லை. கல்லூரிக்கு மூலப்பொருளே ஆசிரியர்தானே! ஆனால் சம்பளம் திடீரென்று வருகிற செலவு அல்ல. புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியருக்கு அடிப்படை 57,700 ரூபாய். 2025 ஜூலைக் கணக்கில் டிஏ என்கிற அகவிலைப்படி 58 சதவீதம், அதாவது 33,466. வீட்டு வாடகைப் படி 30 சதவீதம், 17,310. புதிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவருக்கு நிர்வாகத்தின் பங்காக அடிப்படையும் டிஏவும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம். இதெல்லாம் பே பில் ரெஜிஸ்டரில் பேருக்கு ஒரு பக்கமாக எழுதியிருக்கும்.

எங்கே துண்டு விழுகிறது? வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜனவரியிலும் ஜூலையிலும், டிஏ மாறும். 3 சதவீத இன்கிரிமென்ட் வேறு. பேச்சுக்கு, சராசரி அடிப்படை ஒரு லட்சம் வாங்கும் 100 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஏ 3 சதவீதம் ஏறினால் மாசம் 3 லட்சம், வருஷம் 36 லட்சம் கூடுதல். பதவி உயர்வு நிலுவை வந்தால் இன்னும் ஏறும். மானியத்தைப் போன வருஷத் தொகையிலேயே நிறுத்தினால் மார்ச் வரை எப்படி இழுக்க முடியும்? ஒவ்வொரு பிப்ரவரியிலும் நானும் என் சீனியரும் ரெஜிஸ்டரை விரித்துவைத்து, யாருடைய நிலுவையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுவது என்று பேசியிருக்கிறோம். என் உத்தியோகத்தில் எனக்கு மிகவும் பிடிக்காத வேலை அது.

அதே வாசகர்: கட்டிடத்துக்கு வந்த பணம் சும்மா கிடக்கிறதே, அதை எடுத்துக் கொடுக்கலாமே?

கூடாது. மானியம் எதற்கு வந்ததோ அதற்கென்று தனிக் கணக்குத் தலைப்பு உண்டு: சம்பள மானியம் 36ஆம் தலைப்பு, பொதுச் செலவு 31, கட்டிடம் போன்ற சொத்து உருவாக்கம் 35. ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டால் கொடுத்த காரியத்துக்கே பணம் செலவானது என்று பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

கரோல்பாக், மாணவனின் அப்பா: மாணவர் நிதியை எடுத்துச் சம்பளம் போட்டார்களாமே?

2020இல் அந்த 12 கல்லூரிகளுக்கு அப்படி ஓர் உத்தரவு டெல்லி அரசிடமிருந்து வந்தது. உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. என்னைக் கேட்டால் சரியான முடிவு. விளையாட்டுக்கும் கலை நிகழ்ச்சிக்கும் நூலகத்துக்கும் என்று உங்கள் பிள்ளை கட்டிய காசு அது.

ரோகிணி, கௌரவ விரிவுரையாளர்: எங்களுக்கு மூன்று மாச பாக்கி. எங்கள் பணம் எந்தத் தலைப்பில் வருகிறது என்று கேட்டால்கூட பதில் இல்லை சார்.

தம்பி, 2019 யுஜிசி விதிப்படி உங்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாசத்துக்கு 50,000க்கு மேல் கிடையாது. நிரந்தரப் பணியிடத்தை நிரப்பாமல் வைத்துக்கொண்டு இப்படி ஓட்டுவது கல்லூரிக்கு மலிவு, உங்களுக்கு நஷ்டம். பில்லை மாசம் முடிந்ததும் கொடுத்துவிடுங்கள், சேர்த்து வைக்காதீர்கள். துறைத் தலைவர் கையெழுத்திட்ட வகுப்புப் பட்டியலின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். கணக்குப் பிரிவில் கொடுக்கும்போது தேதி போட்டு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மானியம் வந்த அன்று, முத்திரை உள்ள பில்களைத்தான் நாங்கள் முதலில் எடுப்போம்.