போனில் என்எஃப்சியை எப்போதும் ஆன் செய்து வைக்கலாமா? அதனால் என்ன பயன், என்ன தொல்லை?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயம் கேட்கிறார். போனில் என்எஃப்சி என்று ஒன்று (மிகக் கிட்டத்தில் வைத்தால் மட்டும் பேசிக்கொள்ளும் கம்பியில்லாத் தொடர்பு) இருக்கிறதே, அதை அன்றாடம் எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்? ரயில் கூட்டத்தில் யாராவது பக்கத்தில் நின்றபடியே பணத்தை உருவிவிட மாட்டார்களா?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். என் போனில் அது பல வருடமாக ஆனிலேயேதான் கிடக்கிறது. (ஐபோன்காரர்களுக்கு இந்த யோசனையே வேண்டாம், அதில் அணைக்க சுவிட்சே கிடையாது.) இதுவரை ஒரு காசு திருடு போனதில்லை. தொல்லைப்பட்டதுண்டு, ஆனால் எதுவும் நீங்கள் பயப்படுகிற திசையிலிருந்து வரவில்லை.

முதலில் இது வேலை செய்யும் விதம். நாம் தட்டுகிற கருவியான வாசிப்பானுக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது, அட்டைக்குள் (போனுக்குள்ளும்தான்) இன்னொன்று. அட்டையில் பேட்டரி இல்லை. வாசிப்பான் 13.56 மெகாஹெர்ட்ஸில் உண்டாக்கும் காந்தப்புலம்தான் அட்டையின் சில்லுக்குச் சோறு போடுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த மின்மாற்றி நினைவிருக்கிறதா, ஏறக்குறைய அதேதான். இந்தப் புலம் தூரம் போகப் போக மளமளவென்று வலுவிழக்கும். ஏட்டில் 10 சென்டிமீட்டர் என்று எழுதியிருப்பார்கள், கையில் வைத்துப் பார்த்தால் நாலு சென்டிமீட்டர் தாண்டினாலே பேச்சு நின்றுவிடும். ஆக, இவ்வளவு கிட்டத்தில் வந்தால்தான் வேலை செய்யும் என்பது குறையல்ல, வேண்டுமென்றே வைத்த வேலி.

சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து இதை உருவாக்க ஆரம்பித்தது 2002இல். நோக்கியாவும் கைகோத்து என்எஃப்சி ஃபோரம் அமைந்தது 2004இல். ஆனால் சிங்கப்பூர்க்காரர்களுக்கு இந்தத் 'தட்டும்' பழக்கம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 2002 ஏப்ரலில் பேருந்துக்கும் ரயிலுக்குமான ஈசி-லிங்க் அட்டை வந்தது, அதற்குள் இருந்தது ஃபெலிகா என்ற சோனியின் தொடர்பில்லாச் சில்லு. அதற்கு முன் காந்தப் பட்டை ஒட்டிய அட்டைதான். வாசல் துளைக்குள் செருகி மறுபக்கம் எடுத்துக்கொள்ள வேண்டும். அது வளைந்துபோய்ச் சிக்கிக்கொள்ளும் கதைகளை அப்பா இன்றும் சொல்வார்.

என் பயன்பாட்டில் முக்கால்வாசி போக்குவரத்துதான். 2019இலிருந்து வங்கி அட்டையையோ போனையோ நேராக எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் தட்டலாம். டாப்-அப் வரிசையில் நிற்கிற வேலை போயிற்று.

என் முதல் சறுக்கலும் இங்கேதான். ஒருநாள் பேருந்தில் ஏறும்போது கைக்கடிகாரத்தைத் தட்டினேன், இறங்கும்போது போனைத் தட்டினேன். இரண்டிலும் ஒரே வங்கி அட்டைதானே என்று நினைப்பு. மறுநாள் பார்த்தால் முடியாத பயணம் இரண்டு, கட்டணமும் இரண்டு. தப்பு என்னுடையதுதான். போனிலோ கடிகாரத்திலோ அட்டையைச் சேர்க்கும்போது உங்கள் அசல் அட்டை எண் அதற்குள் போவதில்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனியாக ஒரு மாற்று எண் தரப்படும். வாசிப்பானைப் பொறுத்தவரை ஏறியது ஒருவர், இறங்கியது வேறொருவர். இடையே வண்டி மாறும்போது 45 நிமிடத்துக்குள் ஏறினால் தொடர் பயணமாகக் கணக்கிடும் சலுகையும் இதில் அடிபட்டுப் போகும். அதே மாற்று எண்தான் பாதுகாப்புக்கும் அடிப்படை. கடைக்காரருக்கோ, நடுவில் ஒட்டுக் கேட்பவருக்கோ அசல் எண் கிடைக்காது. அதோடு ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு புதிய ரகசியக் குறி உருவாகும். நேற்றையதைத் திருடி இன்று மறுபடி பயன்படுத்த முடியாது.

இன்னொரு தடவை ரயிலிலேயே பேட்டரி செத்துவிட்டது. வெளியே வர வாசலில் தட்ட வேண்டுமே! சேவை முகப்பில் அசடு வழிந்துகொண்டு நின்றேன். அன்றிலிருந்து பையில் ஒரு பழைய அட்டையும் இருக்கிறது, பயணத்தை எதில் தொடங்கினேனோ அதில்தான் முடிக்க வேண்டும் என்ற ஞானமும் இருக்கிறது.

சரி, இப்போது அம்மா கதை. 2024 ஜனவரியில் நிலப் போக்குவரத்து ஆணையம் ஓர் அறிவிப்பு விட்டது. பழைய முறை ஈசி-லிங்க் அட்டைகள் ஜூன் 1 முதல் செல்லாது, எல்லோரும் சிம்ப்ளிகோ என்ற புதிய முறைக்கு மாற வேண்டும் என்று. அம்மாவுக்கு அப்போது 57. முதியோர் சலுகை வயது வரவில்லை, அதனால் பெரியவர்களுக்கான சாதாரண அட்டைதான். "வாசல்ல மீதிக் காசு காட்டாதாமே, அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்?" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. "ஆப்பில் பார்க்கலாம்மா" என்றேன். "பஸ்ஸில நின்னுக்கிட்டு, ஒரு கையில காய்கறிப் பை, ஒரு கையில கம்பி. ஆப்பை எந்தக் கையில பார்க்கிறது?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஏன் காட்டாது? பழைய முறையில் பணக் கணக்கு அட்டையின் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. வாசிப்பான் அதைப் படித்து, கழித்து, மறுபடி எழுதிவிட்டு மீதியைத் திரையில் காட்டுகிறது. புதிய முறையில் கணக்கு எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது, அட்டை வெறும் அடையாளச் சீட்டு. வாசல் "இவர் வந்தார்" என்று குறித்துக்கொண்டு திறந்துவிடும், கணக்கு பிறகு நடக்கும். சர்வரைக் கேட்டுப் பதில் வரும்வரை ஒவ்வொருவரையும் நிறுத்தினால் காலை எட்டு மணிக்குப் பின்னால் நிற்பவர்கள் என்ன ஆவார்கள்? தொழில்நுட்பமாக நியாயம்தான். ஆனால் அம்மா மாதிரி கேட்டவர்கள் ஏராளம். இரண்டு வாரத்துக்குள் முடிவு திரும்பப் பெறப்பட்டது. பழைய முறையைக் குறைந்தது 2030 வரை நீட்டிக்க 40 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதலாக ஒதுக்கினார்கள். என்எஃப்சியின் சவால் என்று கட்டுரைகளில் தூரம், வேகம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் பெரிய சவால் இதுதான்: தட்டியவுடன் என்ன நடந்தது என்று தட்டியவருக்குத் தெரிய வேண்டும்.

அப்பாவுக்குப் பிடித்த பயன் வேறு. அவரிடம் முதியோர் சலுகை அட்டை இருக்கிறது. சாலை கடக்கும் இடங்கள் பலவற்றில் விளக்குக் கம்பத்தில் ஒரு வாசிப்பான் உண்டு. 'கிரீன் மேன் பிளஸ்' என்று 2009இல் தொடங்கியது. அட்டையை அதில் தட்டினால் பச்சை மனிதன் சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி வரை கூடுதலாக நிற்பான். இது கண்டிப்பான பொருளில் போனின் என்எஃப்சி இல்லை, அதன் உறவுக்காரத் தொடர்பில்லா அட்டை. ஆனாலும் இந்தத் தொழில்நுட்பத்தை வைத்து யாரோ யோசித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கணக்கு இல்லை, ஆப் இல்லை. பத்து வினாடி சேர்த்துக் கொடு, அவ்வளவுதான்.

லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தைப் பக்கம் போனால் நிலவரம் மாறும். புரோட்டா கடையில் தட்டுகிற கருவியைவிட கியூஆர் தாள்தான் அதிகம் கண்ணில் படும். காரணம் எளிது. கியூஆருக்கு ஒரு ஸ்டிக்கர் போதும். தட்டுவதற்குக் கருவி வேண்டும், மின்சாரம் வேண்டும், ஒவ்வொரு விற்பனையிலும் வங்கிக்குக் கொஞ்சம் கழிவு போகும். ஒன்றரை வெள்ளித் தேத்தண்ணீரில் எதைக் கழிப்பது? தொழில்நுட்பத்தில் சிறந்தது எது என்று வாதாடுபவர்கள் ஒருநாள் காலை அந்தக் கல்லாவில் உட்கார்ந்து பார்க்கலாம்.

வீட்டில் ஒரு சோதனை செய்தேன். என்எஃப்சி ஸ்டிக்கர்கள் கடையில் கிடைக்கின்றன. என்டிஏஜி213 என்ற சாதாரண வகையில் 144 பைட்தான் எழுதலாம், வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் தாராளமாக அடங்கும். தீபாவளிக்கு வருகிறவர்கள் போனை வைத்தவுடன் இணையம் கிடைக்கட்டும் என்று எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் இரும்புக் கேட்டில் ஒட்டினேன். ஒருவர் போனிலும் வரவில்லை. சித்தப்பா மகன், "அண்ணே, பேசாம கடவுச்சொல்லைச் சொல்லிருங்க" என்றான். உலோகம் பக்கத்தில் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, வருகிற புலத்தையே எதிர்த்து அழித்துவிடும் என்பது அப்புறம்தான் உறைத்தது. பின்புறம் ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான தாள் வைத்த ஸ்டிக்கர் வாங்கினால் சரியாகும். நான் செருப்பு வைக்கும் மர அலமாரிக்கு மாற்றிவிட்டேன்.

போனால் கடவுச்சீட்டைப் படிப்பதும் என்எஃப்சியால்தான் முடிகிறது. உள்ளே சில்லு உள்ள கடவுச்சீட்டைப் போனின் முதுகில் வைத்து அடையாளம் காட்டச் சொல்லும் ஆப்கள் இருக்கின்றன. நான் பத்துத் தடவை வைத்து வைத்து எடுத்தேன். ஐபோனில் ஆன்டெனா மேல் விளிம்பில் இருக்கும், பல ஆண்ட்ராய்டு போன்களில் முதுகின் நடுவில். அந்த இடம் தெரியாவிட்டால் சட்டியில் தோசை திருப்புகிற மாதிரி திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மூடிய கடவுச்சீட்டை யாராவது தூரத்திலிருந்து படித்துவிடுவார்களோ என்றும் பயப்பட வேண்டாம். உள்ளே அச்சிட்ட எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி மூன்றும் தெரிந்தால்தான் சில்லு வாய் திறக்கும்.

திருட்டுக்கு வருவோம். அலுமினியத் தாள் வைத்த பணப்பை எனக்கும் ஒருவர் பரிசளித்தார். நன்றாக இருக்கிறது, பணம் வைத்துக்கொள்ள. பிளாஸ்டிக் வங்கி அட்டையிலிருந்து எண்ணையும் காலாவதித் தேதியையும் கிட்டத்தில் வைத்துப் படிக்க முடியும் என்பது உண்மை. பின்னால் அச்சிட்ட மூன்று இலக்க எண் வராது. அந்த அளவுக்குச் சிரமப்பட்டு உங்கள் பாக்கெட்டை உரசுவதைவிடத் திருடர்களுக்கு எளிய வழி இருக்கிறது. போலிக் கடையோ போலிக் குறுஞ்செய்தியோ காட்டி அட்டை விவரத்தை உங்களையே தட்டச்சு செய்ய வைப்பார்கள், பிறகு வருகிற ஓடிபியையும் வாங்கிக்கொள்வார்கள். அந்த ஓடிபி பொருள் வாங்க வந்தது அல்ல, உங்கள் அட்டையை அவர்கள் போனில் சேர்க்க வந்தது! அதன் பிறகு அவர்கள் ஆள் கடைகடையாகத் தட்டிக்கொண்டு போவான். 2025 தொடக்கத்தில் சிங்கப்பூர்க் காவல்துறை இதைப் பற்றி எச்சரித்தது. ஆண்ட்ராய்டில் தீங்குநிரல் ஒன்றை நிறுவ வைத்து, உங்கள் அட்டையை உங்கள் போனிலேயே வைக்கச் சொல்லி, அந்த உரையாடலை இணையம் வழியாக இன்னொரு போனுக்குக் கடத்தும் வித்தையும் உண்டு. 2024இல் செக் குடியரசில் நடந்தது வெளியே வந்தது.

ஆகவே என்எஃப்சியை அணைத்து வைப்பதை மட்டும் நம்பிப் பயனில்லை. ஓடிபி குறுஞ்செய்தியில் எண்ணை மட்டும் பார்க்காமல் முழு வரியையும் படியுங்கள், 'வாலட்டில் சேர்க்க' என்ற பொருளில் ஏதாவது இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். ஆப் ஸ்டோருக்கு வெளியிலிருந்து வருகிற ஆப்களை நிறுவாதீர்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் வங்கி அறிவிப்பு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வெள்ளிக்குக்கூட.

அம்மா இன்னும் பழைய அட்டைதான். நேற்று அவரோடு பேருந்தில் இறங்கும்போது திரையைப் பார்த்துவிட்டு, "பதினோரு வெள்ளி இருக்கு, புதன்கிழமை போட்டுக்கலாம்" என்றார். என் போனில் எவ்வளவு போயிற்று என்று எனக்கு இன்று காலைதான் தெரிந்தது.