“சின்ன மாற்றம்தான்” என்று எடிட்டர் சொன்னால்: மிக்ஸிங் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ரொம்ப வருடமாகப் படங்களுக்கு மிக்ஸிங் செய்கிறேன், அதாவது வசனம், இசை, மற்ற ஒலிகளை அளவாகக் கலக்கும் வேலை. நவம்பர் 16 நெருங்குகிறது. 1860இல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்த நாள். அதையொட்டி ஆவணப்படம் எடுக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரே தலைவலிதான்: மிக்ஸ் முடிகிற நேரத்தில் படத்தில் மறுபடி கத்தரி விழுகிறது, ஒலி படத்தோடு பொருந்தாமல் போகிறது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணா, 40 நிமிடப் படம், மிக்ஸ் முடிந்துவிட்டது. நேற்று எடிட்டர் புது வீடியோ அனுப்பி, “அங்கங்கே சின்னதாகக் குறைத்திருக்கிறேன்” என்கிறார். முதலிலிருந்து செய்ய வேண்டுமா?

வேண்டாம் தம்பி. வீடியோவை ஓடவிட்டுக் கண்ணால் தேடவும் வேண்டாம், தூக்கம்தான் போகும். எடிட்டரிடம் மாற்றப் பட்டியல் கேளுங்கள்: எந்த டைம்கோடில் (படத்தின் நேரக் குறிப்பில்) எத்தனை ஃப்ரேம் (தனிப்படம்) போனது, எத்தனை வந்தது என்று. அது வரவில்லையென்றால் பழைய கட்டுக்கும் (வெட்டி முடித்த வடிவத்துக்கும்) புதிய கட்டுக்கும் ஈடிஎல், அதாவது எந்தத் துண்டு எங்கே வருகிறது என்ற பட்டியல், வாங்கி ஒப்பிடுங்கள்.

பட்டியல் கையில் வந்ததும் படத்தின் கடைசியிலிருந்து ஆரம்பத்தை நோக்கி வாருங்கள். 3ஆம் நிமிடத்தில் 12 ஃப்ரேம் போயிருக்கிறது, 20ஆம் நிமிடத்தில் 2 வினாடி கூடியிருக்கிறது என்று வையுங்கள். நம் ஊரில் நொடிக்கு 25 ஃப்ரேம். அப்படியானால் 20ஆம் நிமிடத்துக்குப் பிறகு எல்லாமே 38 ஃப்ரேம் தள்ளிப் போகும். முன்னாலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு வெட்டுக்கும் கூட்டிக் கழித்துக்கொண்டே போக வேண்டும். பின்னாலிருந்து வந்தால் பட்டியலில் உள்ள பழைய டைம்கோடு அப்படியே பொருந்தும்.

முடிந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பழைய கட்டின் கைடு ட்ராக்கையும் (எடிட்டர் வீடியோவோடு அனுப்பும் ஒலியையும்) மற்ற ட்ராக்குகளோடு சேர்த்தே வெட்டி நகர்த்துங்கள். புதிய கைடு ட்ராக்கைப் பக்கத்தில் வைத்து, ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பிவிட்டு (ஒலி அலையைத் தலைகீழாக்கிவிட்டு) இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். சரியாகப் பொருந்திய இடமெல்லாம் மௌனமாகிவிடும். சத்தம் கேட்கிற இடத்தில் ஒன்று நீங்கள் தவறியிருக்கிறீர்கள், இல்லையென்றால் எடிட்டர் சொல்லாமல் எதையோ மாற்றியிருக்கிறார். என் அனுபவத்தில் பாதிக்குப் பாதி.

நான் பட்டது ஒன்று. ஒரு படத்தில் “8 ஃப்ரேம்தான்” என்றார்கள். கிளிப்புகளை எல்லாம் நகர்த்தினேன், ஆனால் ஆட்டோமேஷன் (எங்கே ஒலியை ஏற்றுவது, இறக்குவது என்ற பதிவு) பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு வசனத்தின் முதல் எழுத்தும் அமுங்கிப்போய், போட்டுக் காட்டிய அன்றுதான் தெரிந்தது. ஆட்டோமேஷனும் கிளிப்போடு நகரும்படி வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து: இதைத் தானாகச் செய்ய மென்பொருள் இல்லையா?

இருக்கிறது. ஒலி வேலைக்கான மென்பொருள்களில், புரோ டூல்ஸுக்கு எடிலோட் போன்றவை உண்டு. நுவெண்டோவில் உள்ளேயே இருக்கிறது. ரீப்பர் வைத்திருந்தால், எல்லா ட்ராக்கும் சேர்ந்து நகரும் ரிப்பிள் எடிட்டிங்கைப் போட்டுக்கொண்டு கையாலேயே செய்யலாம். பத்துப் பதினைந்து மாற்றத்துக்குக் கை போதும். எதில் செய்தாலும் பழைய செஷனை (மிக்ஸ் செய்த கோப்பை) தொடாதீர்கள், நகல் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். எடிட்டர் பழைய கட்டுக்கே திரும்பிப் போவார், பாருங்கள்.

இசிபிங்கோவிலிருந்து: காவடி ஊர்வலக் காட்சியில் 7 வினாடி வெட்டிவிட்டார்கள். நாதஸ்வரமும் தவிலும் நொண்டுகிறது. என்ன செய்வது அண்ணா?

நல்ல கேள்வி, தங்கச்சி. படத்தின் வெட்டு விழுந்த இடத்திலேயே இசையையும் வெட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதலில் தாளத்தை எண்ணுங்கள். ஆதி தாளத்துக்கு 8 அட்சரம்; அரை வினாடிக்கு ஓர் அட்சரம் என்றால் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) 4 வினாடி. 7 வினாடி எடுத்தால் முக்கால் ஆவர்த்தனம் தொங்குகிறது, அதுதான் நொண்டல். 8 வினாடி எடுத்தால் சமத்திலிருந்து (சுற்றின் முதல் அடியிலிருந்து) சமத்துக்குத் தாவலாம், கேட்பவருக்குத் தெரியாது. எடிட்டரிடம் இன்னும் ஒரு வினாடி வெட்டச் சொல்லுங்கள். மறுத்தால் இசையில் மட்டும் 8 எடுத்து, குறைகிற ஒரு வினாடியைக் காட்சி முடிவில் கடைசி அடியை நீட்டிச் சமாளியுங்கள். ஊர்வலத்தில் தாளம் ஏறி இறங்கும், அதனால் ஒட்டிய இடத்தில் கொஞ்சம் உறுத்தலாம். அதன் மேல் ஒரு “அரோகரா” போடுங்கள். முருகன் காப்பாற்றுவார்.

எதிரொலியை மட்டும் கடைசி வரை வசனத்தோடு சேர்த்துப் பதிந்துவிடாதீர்கள். தனியாக வைத்தால் வெட்டுக்குப் பிறகும் எதிரொலியின் வால் இயல்பாக அடங்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து: இரண்டு ஃப்ரேம் தவறினால் யாருக்காவது தெரியுமா?

எந்தப் பக்கம் தவறியது என்பதைப் பொறுத்தது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி சத்தம் படத்துக்கு முன்னால் சுமார் 45 மில்லிவினாடி போனாலே கவனிக்கப்படும். பின்னால் என்றால் சுமார் 125 வரை தாங்கும். மின்னல் முன்னால், இடி பின்னால் என்று பழகிய காதல்லவா. ஒரு ஃப்ரேம் 40 மில்லிவினாடி. ஆக இரண்டு ஃப்ரேம் முந்தினால் மாட்டினீர்கள்.

டோங்காட்டிலிருந்து: எனக்கு ஆரம்பத்தில் சரியாக இருந்து, போகப்போக விலகுகிறது.

அது வெட்டினால் வருவதல்ல. போனில் எடுத்த வீடியோவா? அவற்றில் ஃப்ரேம் வேகம் நிலையாக இருக்காது. எடிட்டுக்கு முன்பே நிலையான 25க்கு மாற்றியிருக்க வேண்டும்.

மறுபடி செய்வதற்குக் கூலி கேட்கலாமா?

தாராளமாக. பிக்சர் லாக் ஆன பிறகு (இனி படத்தில் வெட்டு இல்லை என்று முடிவான பிறகு) ஒரு மாற்றம் இலவசம், அதற்கு மேல் மணிக்கணக்கு என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். சொந்தக்காரர் படமென்றால் இரண்டு பிரதி எழுதுங்கள். என் மைத்துனர் எடுத்த படத்துக்கு ஆறு தடவை செய்தேன், கடைசியில் ஒரு பிரியாணி கிடைத்தது.