படர்தாமரை ஏன் போய்ப் போய் வருகிறது?

கேள்வி: வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குப் படர்தாமரை. களிம்பு போட்டால் பத்து நாளில் அடங்குகிறது, அப்புறம் முன்பைவிட அதிகமாக வருகிறது. ரத்தம் கெட்டதால் வருகிறது என்கிறார்களே, உண்மையா?

ரத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது பூஞ்சை. தோலின் மேலடுக்கு, முடி, நகம் மூன்றிலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்கிறது.

நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். தோலைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அன்றாட வேலை. அப்படி இருந்தும் என் அம்மா நான்கு மாதம் இடுப்பு அரிப்போடு இருந்தது எனக்குத் தெரியாது. தொடை இடுக்கு வரை இறங்கியிருந்ததால் சொல்லக் கூச்சம். மருந்துக்கடையில் கேட்டு ஒரு ஆயின்ட்மென்ட் வாங்கிப் போட்டிருக்கிறார். டியூபை வாங்கிப் பார்த்தேன்: பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் சேர்ந்திருந்தது. அது வீரியமான ஸ்டீராய்டு. சிவப்பும் அரிப்பும் நம் உடம்பு பூஞ்சையை எதிர்ப்பதன் அடையாளம்; ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பைத்தான் அடக்குகிறது. பார்வைக்கு ஆறியது போலிருக்கும், அடியில் பூஞ்சை தாராளமாகப் படரும். நிறுத்தினால் வட்டத்துக்குள் வட்டமாகக் கிளம்பும். உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். முதலில் டியூபில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொரு காரணம், பூஞ்சையே மாறிவிட்டது. இந்தியாவில் நெடுங்காலம் டிரைக்கோபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சைதான் அதிகம். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த இடத்தை மென்டாக்ரோபைட்டீஸ் என்ற பூஞ்சைக் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்று பிடித்துக்கொண்டது. இந்தியா, நேபாளத்தைச் சேர்ந்த நோயாளிகளிடம் கிடைத்த மாதிரிகளை வைத்து 2020-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் அதற்கு டிரைக்கோபைட்டான் இண்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். முன்பு எளிதாகக் கேட்ட டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மாத்திரைக்கு இது பல பேரிடம் அசைவதில்லை. அந்த மருந்து தாக்கும் நொதியின் மரபணுவே மாறியிருக்கிறது. நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இது வந்ததை 2023-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. ஒருவர் அண்மையில் வெளிநாட்டுப் பயணம் எதுவும் போகாதவர். அந்த அளவுக்கு ஆள் விட்டு ஆள் தொற்றுகிறது.

ஆகவே ஒருவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் போதாது. ஒரே பூஞ்சைக் குடும்பம் வயதுக்கேற்ற இடத்தைப் பிடிக்கும். பிள்ளைகளுக்குத் தலையில் வட்டமாக முடி கொட்டும் (இதைப் புழுவெட்டு என்று விட்டுவிடுகிறார்கள், செதில் இருந்தால் சந்தேகப்படுங்கள்). நடுவயதில் இடுப்பும் தொடையும். வயதானவர்களுக்கு, முக்கியமாகச் சர்க்கரை இருப்பவர்களுக்கு, கால் நகம் மஞ்சளாகித் தடித்துச் சொத்தையாகும். எங்கள் வீட்டில் அப்பாவின் கால் பெருவிரல் நகம்தான் பூஞ்சைக்குக் கிடங்கு போல இருந்தது. அதை யாரும் நோயாகவே நினைக்கவில்லை.

தோல் மருத்துவரிடம் எல்லோரும் சேர்ந்து போனோம். துண்டு, சோப்பு ஆளுக்கொன்று. உள்ளாடை, துண்டு, படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்தினோம். ஈரத்துணியை உடுத்துவதில்லை. அம்மா பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுவதை விட்டார். தம்பி அரைஞாண் கயிற்றைக் கழற்றினான், அம்மாச்சி கோபித்துக்கொண்டாலும். படை மறைந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை மாத்திரையை நிறுத்தவில்லை. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்.

அம்மாவுக்கு முழுதாகச் சரியாக ஐந்து மாதம் ஆனது. அப்பாவின் நகம் மட்டும் பாக்கி. கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும், அடியிலிருந்து பாதி வரை நல்ல நகம் வந்திருக்கிறது.