பீரோவில் பூட்டிய கிட்டார் பொன்னாகுமா?

கேள்வி: என் மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் கொடுத்து, அமெரிக்காவில் செய்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கினான். 1950களில் செய்த இதே கிட்டார் இன்று பல லட்சத்துக்கு விலைபோகிறது என்று அவனே சொன்னான். அப்படியானால் இதை வாசிக்காமல், பெட்டியோடு பீரோவில் பூட்டி வைத்தால், முப்பது ஆண்டுகள் கழித்துப் பேரப்பிள்ளைக்கு ஒரு சொத்தாக இருக்குமே என்பது என் எண்ணம். அவனோ வருகிற கிறிஸ்துமஸுக்கு ஆலயத்தில் இதைத்தான் வாசிப்பேன், உள்ளேயிருந்து கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் என்ற பாகத்தையும் மாற்றப்போகிறேன் என்கிறான். யார் சொல்வது சரி?
– ஒரு தந்தை, மார்த்தாண்டம்

பதில்: மதிப்பிற்குரிய ஐயா, களியக்காவிளைக்கு இப்புறமும் பாறசாலைக்கு அப்புறமுமாக முப்பது ஆண்டுகளாகக் கிட்டார்களைப் பழுதுபார்த்து வருகிறவன் என்ற முறையில், இந்த வழக்கில் நான் உங்கள் மகன் பக்கம்தான் நிற்பேன். ஆனால் உங்கள் எண்ணத்தை வெறும் ஆசை என்று தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. பழைய கிட்டார்களின் விலை உயர்ந்தது உண்மை. அது ஏன் உயர்ந்தது என்பதில்தான் நீங்கள் இருவருமே சற்றுத் தவறாக எண்ணியிருக்கிறீர்கள்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வெளிவந்தபோது அதன் விலை 249 டாலர் 50 சென்ட். இன்றைய பண மதிப்பில் அது ஏறத்தாழ 3,000 டாலருக்குச் சமம். அதாவது, இன்று உங்கள் மகன் வாங்கியிருக்கும் கிட்டாரைவிட அன்றைய கிட்டார் அன்றைய மனிதருக்கு அதிக விலையுள்ள பொருளாக இருந்தது. அதனால் வாங்கியவர்களும் குறைவு, வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதை வைத்துப் பிழைத்தவர்கள். அவர்கள் யாரும் அதைப் பூட்டி வைக்கவில்லை. இரவு விடுதிகளில் வாசித்தார்கள், வியர்வை ஊற்றினார்கள், நிறம் பிடிக்காவிட்டால் மேலே வேறு பெயிண்ட் அடித்தார்கள், புதிது வந்ததும் பழையதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்தப் பாடுகளையெல்லாம் தாண்டி, முதலில் இருந்த திருகுகளோடும் முதலில் அடித்த பெயிண்டோடும் தப்பிப் பிழைத்த சிலவற்றுக்குத்தான் இன்று அந்த விலை.

இதற்கு இன்னும் தெளிவான சான்று கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் கிட்டார். 1952இல் தங்க நிறத்தில் அறிமுகமான அந்தக் கிட்டாருக்கு 1958இல், ஓரத்தில் சிவந்து நடுவில் மஞ்சளாகும் ‘சன்பர்ஸ்ட்’ என்ற நிறத்தைக் கொடுத்தார்கள். அதுவும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை; 1960இல் நிறுத்திவிட்டு, அடுத்த ஆண்டு மெல்லிய உடலும் இரண்டு கொம்புகளும் கொண்ட வேறு வடிவத்துக்கு மாறினார்கள். அந்த மூன்றாண்டுகளில் செய்தவை சுமார் ஆயிரத்து ஐந்நூறு மட்டுமே. பிறகு 1966இல், ஜான் மேயாலின் குழுவோடு ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் வாசித்த இசைத்தட்டில் அந்தக் கிட்டாரின் தடித்த ஒலியைக் கேட்ட இளைஞர்கள் கடைக்கு ஓடியபோது, அது அங்கே இல்லை. நிறுவனம் விழித்துக்கொண்டு 1968இல்தான் லெஸ் பாலை மறுபடியும் செய்யத் தொடங்கியது. அந்தப் பழைய சன்பர்ஸ்ட் ஒன்று நல்ல நிலையில் இன்று கைமாறினால் இரண்டு லட்சம் டாலருக்கும் மேல் போகும். விற்காமல் போன சரக்கு என்பதுதான் அதன் அருமைக்கு முதற்காரணம் என்பதைக் கவனியுங்கள்.

ஃபெண்டரின் கதையிலும் இப்படி ஓர் இடைவெளி உண்டு. லியோ ஃபெண்டர் தம் நிறுவனத்தை 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். பிறகு செலவைக் குறைக்கும் பல மாற்றங்கள் வந்தன. 1971 முதல் கழுத்தை உடலோடு சேர்க்கும் நான்கு திருகுகள் மூன்றாயின. தரம் இறங்கிவிட்டது என்ற பேச்சு பரவியது. அதனால் ‘சிபிஎஸுக்கு முன்’ என்பதே கிட்டார் வணிகத்தில் ஒரு தனித் தரமாகிவிட்டது. 1985இல் நிறுவனத்தின் ஊழியர்களே அதைத் திரும்ப வாங்கினார்கள். நல்ல காலம் ஒன்று முடிந்துபோனது என்று வாங்குகிறவர் உணர்ந்தால்தான் அந்தக் காலத்துப் பொருளைத் தேடி ஓடுவார்.

இன்று அப்படி முடிந்துபோனது எது? கணினி இயக்கும் இயந்திரம் மரத்தைக் கடைவதால் ஒரு கிட்டாருக்கும் அடுத்த கிட்டாருக்கும் மயிரிழை வேறுபாடுகூட இல்லை. 1954இன் வடிவத்தை இன்றும் கடையில் கேட்டு வாங்கலாம். இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்து வரும் விலை குறைந்தவைகூட, நான் தொழில் தொடங்கிய நாட்களில் இங்கே கிடைத்த எதையும்விட மேலானவை. ஊரடங்கு ஆண்டான 2020இல் ஃபெண்டர் அதுவரையிலான தன் வரலாற்றிலேயே அதிகமாக விற்றது. அவற்றில் எத்தனையோ, வீட்டில் அடைபட்டிருந்தவர்கள் ஆசைப்பட்டு வாங்கி, ஆறு பாடம் படித்துவிட்டு, பெட்டியில் வைத்து மூடியவை. உங்களைப் போலவே ‘இதுவும் ஒரு நாள் விலையேறும்’ என்று நம்பி, பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காமல் வைத்திருப்போர் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து எல்லோரும் ஒரே நேரத்தில் பீரோவைத் திறந்தால் அந்தப் பொருளுக்கு அருமை எங்கிருந்து வரும்?

‘லிமிடெட் எடிஷன்’ என்று எண் குறித்த சான்றிதழோடு விற்பவற்றையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். சேமித்து வைப்பதற்கென்றே செய்ததை எல்லோரும் சேமித்துத்தான் வைப்பார்கள்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லோரும் பழித்த 1970களின் மூன்று திருகு ஸ்ட்ராட்டோகாஸ்டரும் இன்று நல்ல விலைக்குப் போகிறது. அதைவிட வியப்பு, 1982இல் தொடங்கிய ஃபெண்டர் ஜப்பான், குறைந்த விலையில் ஸ்க்வையர் என்ற பெயரில் செய்த கிட்டார்கள். வரிசை எண் ‘ஜேவி’ என்று தொடங்கும் ஆரம்பகாலத்தவற்றை இன்று தேடித்தேடி வாங்குகிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில், வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர் அப்படி ஒன்றை என் கடைக்குக் கொண்டுவந்து ஐயாயிரம் ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். ‘அமெரிக்காவில் செய்ததில்லையே’ என்று நான் வேண்டாம் என்றேன். இதைச் சொல்லும்போது இன்றும் என் மனைவி சிரிக்கிறாள். அந்தக் கிட்டார் விலையேறியதற்கும் காரணம் அதேதான்: மலிவானது என்று யாரும் அதைப் பேணவில்லை, கையில் எடுத்தவர்களுக்கு மட்டும் அதன் தரம் தெரிந்தது. எண்பதுகளின் இறுதியில் ஃபெண்டர், தன்னிடமிருந்த ‘சன்’ என்ற பெயரில் நம் இந்தியாவிலேயே சில கிட்டார்களைச் செய்வித்ததுண்டு. அவற்றைச் சேர்ப்போரும் சிலர் உண்டு. ஆனால் ஆர்வத்துக்காகத்தான், பணத்துக்காக அல்ல.

ஆகவே இன்றைய கிட்டார்களில் எது விலையேறும் என்று நீங்கள் வற்புறுத்திக் கேட்டால், இன்று யாரும் மதிக்காமல், மூன்று நான்கு ஆண்டுகளில் நிறுத்தப்பட்டு, ஆனால் வாசிப்பதற்கு உண்மையிலேயே நன்றாக அமைந்துவிட்ட ஏதோ ஒன்று என்றுதான் சொல்வேன். அது எது என்று இன்றே சொல்லக்கூடியவராக நான் இருந்தால் அந்த ஜப்பான் ஸ்க்வையரை விட்டிருப்பேனா? பேட்டரியும் மென்பொருளும் உள்ளே இருக்கும் வகையாக அது இருக்காது என்பதை மட்டும் துணிந்து சொல்லலாம். கிப்சன் 2007இல் தானே சுருதி சேர்த்துக்கொள்ளும் கிட்டாரை வெளியிட்டது. 2015இல் அத்தகைய கருவியைத் தன் பெரும்பாலான கிட்டார்களில் பொருத்தியபோது வாங்குவோர் முகஞ்சுளிக்க, பின்வாங்கியது. ஸ்ட்ராட்டோகாஸ்டருக்குள் இருப்பதெல்லாம் காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பி, மூன்று கன்ட்ரோல், ஒரு கெப்பாசிட்டர், ஒரு ஸ்விட்ச். சாலிடர் பிடிக்கத் தெரிந்த எந்த ரேடியோ மெக்கானிக்கும் எழுபது ஆண்டுக்குப் பிறகும் அதைப் பேசவைத்துவிடுவார். உதிரிப் பாகமே கிடைக்காத சர்க்யூட் பலகையை யார் பேசவைப்பது?

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் மலையைத் தொடும் செய்தி. 1950களின் கிப்சன் கிட்டார்களிலும், அந்தப் பத்தாண்டின் இறுதியிலிருந்து ஃபெண்டர் கிட்டார்களிலும் விரல் பலகை பெரும்பாலும் பிரேசில் நாட்டு ரோஸ்வுட். 1992 முதல் அந்த மரத்தின் பன்னாட்டு வணிகம் தடுக்கப்பட்டுவிட்டதால், பழைய கிட்டார்களில் இருப்பதை இனி அப்படியே திரும்பச் செய்வது எளிதல்ல. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது இந்திய ரோஸ்வுட், அதாவது நாம் ஈட்டி என்றும், எல்லைக்கு அப்புறம் வீட்டி என்றும் சொல்லும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம். 2017இல் அந்த மர இனம் முழுவதும் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, அதில் செய்த கிட்டாரை நாட்டு எல்லை தாண்டி விற்கவே அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. 2019 இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளித்தார்கள். உங்கள் மகனின் கிட்டாரில் விரல் பலகை கறுத்த ரோஸ்வுட்டாக இருந்தால், அது நம் பக்கத்து மலையிலிருந்து கப்பலேறிப்போய்த் திரும்பி வந்த தடியாக இருக்கவும் கூடும். ஒரு நாள் ஈட்டிக்கும் பிரேசில் மரத்தின் நிலை வந்தால், அப்போது இதற்குச் சற்று மதிப்புக் கூடலாம்.

மேற்பூச்சு வேறு கதை. பழையவற்றில் அடித்தது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். மெல்லியது, காலப்போக்கில் மஞ்சளாகும், வெடிப்பு விழும், கைபட்ட இடத்தில் தேய்ந்து மரம் தெரியும். அந்த முதுமையைத்தான் சேகரிப்போர் அழகு என்கிறார்கள். உங்கள் மகனின் கிட்டாரில் இருப்பது அநேகமாகப் பாலியூரித்தேன். கெட்டியானது, முப்பது ஆண்டு கழித்தும் பெரும்பாலும் இன்று போலவே பளபளக்கும். நல்லதுதான், ஆனால் பழையது என்று முகத்தில் எழுதி ஒட்டாது.

இனிப் பணக்கணக்கு. ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை ஏழு சதவீதக் கூட்டு வட்டியில் முப்பது ஆண்டு போட்டால் சுமார் 13 லட்சத்து 70 ஆயிரம் வரும். பூட்டி வைத்த கிட்டார் அதற்கு ஈடாக வேண்டுமானால் இன்றைய விலையைப் போல ஏழரை மடங்குக்கு மேல் போக வேண்டும். கடையை விட்டு வெளியே வந்த அன்றே அது கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை விலை இழந்துவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைக்குச் சொத்து வேண்டுமென்றால் பவுன் வாங்குங்கள், இல்லாவிட்டால் நாலு சென்ட் புரையிடம் வாங்குங்கள்.

பூட்டி வைப்பதன் கேடு இன்னும் முடியவில்லை. நம் மாவட்டத்துக்கு இடவப்பாதியும் உண்டு, துலாவர்ஷமும் உண்டு. இரண்டு மழைக்கும் இடையே கடற்காற்று வேறு. பூட்டிய பெட்டிக்குள் ஈரம் நின்றால் கம்பி துருப்பிடிக்கும், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் உள்ள சின்னத் திருகுகள் இறுகிக்கொள்ளும், விரல் பலகையில் பதித்த ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகளில் பச்சைக் களிம்பு ஏறும், பெட்டியின் பட்டுத்துணி பூஞ்சணம் பிடிக்கும், கழுத்து வளைந்தால் சொல்ல ஆளிருக்காது. சவூதிக்குப் போன மகனின் கிட்டாரை எட்டு ஆண்டு கட்டிலுக்கடியில் பத்திரமாக வைத்திருந்த ஒரு தாயார் என்னிடம் அதைக் கொண்டுவந்தபோது, பிரிட்ஜில் உள்ள ஆறு சாடில் திருகில் நான்கை வெட்டித்தான் எடுத்தேன். கையில் எடுத்து வாசிக்கிறவர் இவற்றையெல்லாம் முதல் வாரத்திலேயே கவனித்துவிடுவார். மகன் மஸ்கட்டில் இருக்கும் மாதங்களில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். மாதம் ஒரு முறை திறந்து, கம்பியையும் ஃப்ரெட்டையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். கம்பிகளை அவிழ்த்துவிட வேண்டாம், அரைச் சுருதி தளர்த்தினால் போதும்.

பிக்கப்பை மாற்றுவது பற்றி நீங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. பழைய கிட்டார்களில் முதலில் இருந்ததை எடுத்தால் விலை குறையும், மேலே புதுப் பெயிண்ட் அடித்தாலோ பாதிதான் மிஞ்சும் என்பது வழக்கு. ஆனால் 2019இல் நியூயார்க்கில் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு ஏலம்போன பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அவர் மாற்றாத பாகமே குறைவு. பிக்கப்பும் மாறியது, கழுத்தும் பல முறை மாறியது. அங்கே ஏலம்போனது கிட்டார் மட்டுமல்ல, அவருடைய கையும்தான் என்பீர்கள், சரிதான்.

ஆகவே மகன் பிக்கப்பை மாற்றட்டும், இரண்டு நிபந்தனைகளோடு: மரத்தில் புதிதாக ஓட்டை போடக் கூடாது, கழற்றிய பிக்கப்பைக் கம்பியை ஒட்ட நறுக்காமல், சாலிடரை உருக்கி எடுத்து, திருகுகளோடு ஒரு டப்பாவில் போட வேண்டும். அந்த டப்பாவை நீங்கள் பீரோவில் பூட்டுங்கள். கூடவே கடை ரசீது, வரிசை எண் எழுதிய அட்டை, சாவிகள், சுருதியை அசைக்கும் டிரெமோலோ கம்பி ஆகியவற்றையும் வையுங்கள். கிட்டார் மட்டும் கிறிஸ்துமஸுக்கு ஆலயத்துக்குப் போகட்டும்.