அப்பா யாரென்று தெரியாத குட்டி: கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டரம்மா, பூ மார்க்கெட் ஓரம் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே கிடந்த ஆண் குட்டியை என் மகன் எடுத்து வந்தான். இப்போது நான்கு மாதம் இருக்கும் என்று நினைக்கிறோம். எடை 14 கிலோ. உடம்பு கறுப்பு, கண்ணுக்கு மேலே இரண்டு செம்பழுப்புப் பொட்டு, மார்பிலும் கால்களிலும் அதே நிறம். ஒரு காது நிற்கிறது, இன்னொன்று மடிந்திருக்கிறது. பாதம் பெரிது. எதிர்வீட்டுக்காரர் ராட்வீலர் கிராஸ் என்கிறார். பால்காரர் ஜெர்மன் ஷெப்பர்ட் என்கிறார். என் மாமனார், கன்னி என்ற நம் நாட்டு வேட்டை நாய் ஜாதி என்று அடித்துச் சொல்கிறார். ராட்வீலர் என்ற பேச்சு காதில் விழுந்ததிலிருந்து வீட்டுக்கார அம்மா, நாயை எங்காவது விட்டுவிட்டு வாருங்கள் என்கிறார். நாங்கள் குடியிருப்பது மாடியில். இது என்ன ஜாதி? எவ்வளவு பெரிதாகும்?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். 'ராட்வீலர் கிராஸ்' என்ற சொல்லை இனி உங்கள் வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். எதிர்வீட்டுக்காரர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தையால் ஒரு குட்டி வீட்டை இழக்கும் நிலைக்கு வந்திருக்கிறது. தடுப்பூசி அட்டையில் இனம் என்ற இடத்தில் 'கலப்பினம்' என்று எழுதச் சொல்லுங்கள். அதுதான் உண்மையும்கூட.

கறுப்பு உடம்பில் செம்பழுப்புப் பொட்டு என்பது ராட்வீலருக்கு மட்டும் உரியதல்ல. டாபர்மேனுக்கு உண்டு, நம் கன்னிக்கு உண்டு, ஒரு பெயரும் இல்லாத தெரு நாய்களுக்கும் உண்டு. இந்த நிறம் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் குட்டியின் மேல் தெரியும். அப்படியென்றால் அம்மாவும், அவள் அந்த மார்க்கெட்டில் திரிகிற நாயாகவே இருந்தாலும், அந்த மரபணுவைச் சுமந்திருக்கிறாள். ஆகவே நிறத்தை வைத்து அப்பாவைக் கைகாட்ட முடியாது.

உடம்பு முடியின் நீளமும் அப்படித்தான். குட்டை முடி நீண்ட முடியை மறைத்துவிடும். கோல்டன் ரெட்ரீவர் அப்பாவுக்கும் குட்டை முடி நாட்டு நாய்க்கும் பிறக்கும் குட்டிகள் பெரும்பாலும் குட்டை முடியோடுதான் பிறக்கும். அப்பாவின் அடையாளமாக நாம் தேடுகிற அந்தப் பட்டுமுடி குட்டியிடம் இருக்கவே இருக்காது. காதைப் பற்றி இப்போது எதுவும் சொல்லாதீர்கள். பல் விழுந்து முளைக்கும் காலத்தில் காது ஏறும், இறங்கும். ஏழு மாதம் வரை பொறுத்திருங்கள்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் காக்கர் ஸ்பானியல், பசென்ஜி என்ற இரண்டு ஜாதி நாய்களைச் சேர்த்துக் குட்டி எடுத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 1965இல் அதை வெளியிட்டார்கள். காக்கருக்குத் தொங்கும் காது, நீண்ட முடி. பசென்ஜிக்கு நிமிர்ந்த காது, சுருண்ட வால். இவற்றின் பேரக்குட்டிகளில் பலவற்றைப் பார்த்தால் தாத்தா பாட்டி யாரென்று எவராலும் சொல்ல முடியாது. இரண்டே ஜாதி, அதுவும் தெரிந்த ஜாதி கலந்ததற்கே இந்த நிலை.

இன்னொன்று, ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு ஒரே அப்பா என்று இல்லை. கார்த்திகை மாதத்தில் ஒரு பெட்டையின் பின்னால் ஐந்தாறு ஆண் நாய்கள் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்த்தபோது ஒரு வீட்டு லாப்ரடார் ஐந்து குட்டி போட்டது. மூன்று குட்டி தடித்த தலையோடு அம்மாவைப் போலவே இருந்தன. மற்ற இரண்டும் கூர்மூக்கு, ஒட்டிய வயிறு, சாட்டை மாதிரி வால். சிப்பிப்பாறை ஜாதி வேட்டை நாய் ஒன்று வந்து போயிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஐந்தும் ஒரே மடியில் பால் குடித்தன.

மரபணுப் பரிசோதனை செய்யலாமா என்று கேட்பீர்கள். அந்தப் பரிசோதனைகள் வெளிநாட்டு ஜாதி நாய்களின் மாதிரிகளோடுதான் பெரும்பாலும் ஒப்பிடுகின்றன. நம் தெரு நாய் பல ஜாதிகள் கலந்து உண்டானது அல்ல. ஜாதி என்று ஒன்று பிரிக்கப்படும் முன்பே இருந்து வரும் பழைய நாய். அதை ஐரோப்பிய நாய்களோடு ஒப்பிட்டு வரும் சதவீதங்களுக்குப் பணம் கொடுப்பதைவிட, அந்தப் பணத்தில் தடுப்பூசியை முடியுங்கள். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்திலேயே போட்டிருக்க வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசிகளைப் பதினாறு வாரம் ஆகும் வரை இடைவெளி விட்டுத் திரும்பப் போட வேண்டும்.

சரி, எவ்வளவு பெரிதாகும்? இதற்கு மட்டும் ஓரளவு பதில் இருக்கிறது. முதலில் வயதை உறுதி செய்யுங்கள். உதட்டைத் தூக்கி மேல்வரிசை முன்பற்களைப் பாருங்கள். நடுவில் இரண்டு பல் மட்டும் அகலமாக, புதிதாக வந்திருந்து, கோரைப்பல் இன்னும் ஊசி மாதிரி இருந்தால் நான்கு மாதத்தை ஒட்டிய வயது. புதுக் கோரைப்பல் முளைத்துவிட்டால் ஐந்தைத் தாண்டிவிட்டது. பெரிய நாய்கள் முழு எடையில் பாதியை நாலரை, ஐந்து மாதத்தில் தொடும். உங்கள் கணக்கு சரியென்றால் 30 கிலோ, அதற்கு மேலும் ஒன்றிரண்டு கிலோ எதிர்பார்க்கலாம். நம் தெரு நாய் வளர்ந்த பிறகே பெரும்பாலும் 15 முதல் 20 கிலோ. கன்னியும் மெலிந்த உடம்புதான். ஆகவே எங்கோ ஒரு பெரிய நாய் இதன் வம்சத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். உங்கள் மாமனார் வருத்தப்பட வேண்டாம், அவர் சொன்ன நிறம் சரி.

வீட்டுக்கார அம்மாவிடம் சொல்ல ஒரு செய்தி: 2022இல் அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் குணத்தை உரிமையாளர்களிடம் கேட்டு, அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் படித்து ஓர் ஆய்வு வந்தது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வித்தியாசத்தில் ஜாதியால் விளக்க முடிந்தது 9 சதவீதம் மட்டுமே. ஆனால் செய்தி சொன்னால் மட்டும் அவர் பயம் போகாது. 30 கிலோ நாய் பாசத்தில் தாவினாலே வயதானவர் விழுந்துவிடுவார். கழுத்துப் பட்டையும் கயிறும் போட்டு இழுக்காமல் நடக்கவும், ஆள் வந்தால் உட்காரவும் இந்த 14 கிலோவிலேயே பழக்குங்கள். அப்புறம் வீட்டுக்கார அம்மா கையால் தினம் ஒரு பிஸ்கட் துண்டு கொடுக்கச் சொல்லுங்கள். மாடிப்படியில் கயிற்றைப் பிடித்து மெல்ல இறக்குங்கள். ஓடி இறங்க விடாதீர்கள். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: கிரேட் டேன் கிராஸ் என்று சொல்லி விற்றார்கள். மூன்று மாதம். பெரிய ஜாதிக் குட்டிகளுக்கான பாக்கெட் உணவு தருகிறோம். எலும்பு பலப்பட வேண்டும் என்று கால்சியம் சிரப் காலை, மாலை இரண்டு வேளை. கூடவே பால், முட்டை. இப்போது முன்னங்கால் வளைகிற மாதிரி தெரிகிறது. சிரப்பை மூன்று வேளையாக்கலாமா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: வேண்டாம். இன்றே நிறுத்துங்கள்.

என் 31 ஆண்டு வேலையில் நான் அதிகம் வருந்திய குட்டிகள் இவைதான். பட்டினியால் வாடியவை அல்ல, அன்பால் கெட்டவை. தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் ஒரு மில் ஊழியர் கிரேட் டேன் குட்டி ஒன்றைத் தூக்கி வந்தார். அவர் சம்பளத்தில் அந்தக் குட்டி பெரிய செலவு. தன் பிள்ளைகளுக்கு வாங்காத டானிக்கையெல்லாம் அதற்கு வாங்கியிருந்தார். ஐந்து மாதத்தில் அது முன்னங்காலை ஊன்ற முடியாமல் முழங்கையில் நின்றது. அவர் என் முன்னால் அழுதார். அந்த நாய் கடைசிவரை நொண்டியது.

வளர்ந்த நாயின் குடல், தேவைக்கு மேல் வரும் கால்சியத்தை உள்ளே விடாது. குட்டியின் குடலுக்கு ஆறு மாதம் வரை அந்தத் தடுப்பு இல்லை. கொடுப்பதில் பெரும்பகுதி உள்ளே போகும். எலும்பு முனையில் உள்ள குருத்தெலும்பு அந்தந்த நேரத்தில் எலும்பாக மாறுவது அதனால் குழம்பிப்போகும். மூட்டுக்குள் குருத்து பிளந்து நிற்கும், கால் வளையும். சின்ன ஜாதிக் குட்டி தப்பிக்கலாம், வேகமாக வளரும் பெரிய குட்டி தப்பாது. நீங்கள் தரும் உணவிலேயே போதிய கால்சியம் உண்டு. பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள், பெரிய ஜாதிக் குட்டி உணவில் ஈரம் நீக்கிய கணக்கில் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

இதைப் படித்துவிட்டு, வீட்டுச் சாப்பாடு போடுகிறவர்கள் கால்சியமே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. சோறும் கோழிக்கறியும் மட்டும் தின்னும் குட்டிக்கு நேர் எதிரான ஆபத்து. சதையில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தைக் கரைத்து எடுக்கும். அந்தக் குட்டிக்கும் கால் வளையும், சோபாவிலிருந்து குதித்தால் எலும்பே ஒடியும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் எக்ஸ்ரே எடுத்து, என்ன சாப்பிடுகிறது என்பதை முழுதாகச் சொல்லி, உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள்.

கொழுகொழுவென்று வளர்க்காதீர்கள். விலா எலும்பு கண்ணுக்குத் துருத்தக்கூடாது, ஆனால் விரலால் தடவினால் ஒவ்வொன்றாக எண்ண வர வேண்டும். 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவான உணவை வாழ்நாள் முழுக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2002இல் வெளிவந்தது. குறைவாக உண்டவை இடைநிலைக் கணக்கில் (பாதி நாய்கள் இறந்து பாதி இருக்கும் வயது) 13 ஆண்டு வாழ்ந்தன, மற்றவை 11.2 ஆண்டு. மூட்டு வாதமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

ஓட்டம், படி, குதிப்பு எல்லாம் அளவோடு. பெரிய நாய்களின் எலும்பு முனைகள் மூட ஒன்று முதல் ஒன்றரை வருடம் ஆகும், கிரேட் டேன் போன்றவற்றுக்கு இன்னும் கூட. பைக்கின் பின்னால் ஓடவிடுவது இப்போது கூடவே கூடாது. மண்ணில் தன் இஷ்டத்துக்கு விளையாடட்டும். வழவழப்பான டைல்ஸ் தரையில் பழைய சாக்கையாவது விரியுங்கள்.

கேள்வி: பின்னங்காலில் கூடுதல் நகம் உள்ள குட்டி உயர்ந்த ஜாதியா? 20 நகம் என்று கூடுதல் விலை கேட்கிறார்கள்.
(வாசகர், சாத்தூர்)

பதில்: இல்லை. சாதாரணமாக 18 நகம். பின்னங்காலில் காலுக்கொரு நகம் கூடுவது மரபணுவில் ஒரு சின்ன மாற்றம், தெரு நாய்க்கும் வரும். தரையில் தேயாததால் வளைந்து சதைக்குள் குத்தும், மாதம் ஒருமுறை வெட்டிவிடுங்கள். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வெள்ளை முடி, ரோஸ் மூக்கு. ராஜபாளையம் கலந்தது என்று நினைக்கிறோம். இரண்டு மாதம். கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. பிடிவாதமா?
(வாசகி, சிவகாசி)

பதில்: பிடிவாதமாக இருக்காது, காது கேட்காமல் இருக்கலாம். உடம்பு முழுக்க வெள்ளையாக உள்ள நாய்களில் சிலவற்றுக்கு உட்காதில் இருக்க வேண்டிய நிற அணுக்கள் இல்லாமல் போகும், கேட்கும் திறனும் போகும். 2005இல் தபால் தலையில் இடம்பெற்ற நம் ராஜபாளையத்துக்கும் இந்தக் குறை உண்டு. வெள்ளை வேண்டும், இன்னும் வெள்ளை வேண்டும் என்று நாம் கேட்டதன் விலை அது.

குட்டி அயர்ந்து தூங்கும்போது, பின்னாலிருந்து, தரை அதிராமல், காற்று படாமல் ஒரு சாவிக்கொத்தை ஆட்டுங்கள். இரண்டு மூன்று நாள் பார்த்தும் காது அசையவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். கேட்காத குட்டியும் நன்றாக வளரும். வா, உட்கார், வேண்டாம் என்பதற்குக் கை சைகை வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளும். தூங்கும்போது திடீரென்று தொடாதீர்கள், பாதத்தின் அருகே தரையைத் தட்டி எழுப்புங்கள். கயிறு இல்லாமல் தெருவில் ஒருபோதும் விடாதீர்கள், ஹாரன் அதற்குக் கேட்காது. இனப்பெருக்கத்துக்கும் விட வேண்டாம்.

கேள்வி: சொறிக்கு மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியையே போட்டால் போதும் என்கிறார்கள். போடலாமா? எங்கள் நாய், கோலி என்ற வெளிநாட்டு ஆட்டுமந்தை நாய் ஜாதி கலந்தது.
(வாசகர், ஈரோடு)

பதில்: போடாதீர்கள். வம்சம் தெரிவது உயிர் காக்கும் இடம் இதுதான். கோலி நாய்களில் பலவற்றுக்கும், ஜெர்மன் ஷெப்பர்டுகளில் சிலவற்றுக்கும் மருந்து மூளைக்குள் நுழையாமல் தடுக்கும் காவல் பிறவியிலேயே பழுது. சொறிக்குத் தரும் அளவு அவற்றுக்கு நஞ்சு. தள்ளாடும், கண் தெரியாமல் போகும், நினைவிழக்கும். மாட்டு மருந்தின் செறிவில் ஒரு துளி கூடினாலே அளவு எங்கோ போய்விடும். சொறியைச் சுரண்டிப் பார்த்து என்ன பூச்சி என்று தெரிந்த பிறகு, வேறு மருந்து கேளுங்கள், இருக்கிறது.

கேள்வி: எங்கள் பெரிய நாய்க்கு இரவு ஒரே வேளையாக நிறையப் போடுகிறோம், சாப்பிட்டதும் தோட்டத்தில் ஓடும். இதில் தவறு உண்டா?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: உண்டு. மார்பு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு காற்றில் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதே அளவை இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள். உண்ட பின் ஒரு மணி நேரமாவது கட்டிவையுங்கள். அவசரமாக விழுங்கினால் தட்டில் ஒரு பெரிய கல்லை வைத்துச் சுற்றிலும் உணவைப் போடுங்கள். கல் வாய்க்குள் நுழையாத அளவு இருக்க வேண்டும்.

வாந்திக்கு முக்கும், ஆனால் எச்சில் நுரை தவிர ஒன்றும் வராது. வயிறு பறை மாதிரி விறைக்கும். நிலைகொள்ளாமல் எழுந்தும் படுத்தும் தவிக்கும். இதைக் கண்டால் ஓமத் தண்ணீர், சோடா என்று கைவைத்தியம் செய்து பார்க்காதீர்கள். அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி, சில மணி நேரம்தான் கையில் இருக்கும். இரவு இரண்டு மணியானாலும் வண்டியில் ஏற்றிக் கிளம்பிவிடுங்கள், மருத்துவரை வழியிலிருந்து அழைக்கலாம்.