வெள்ளவத்தையில் கைக்குழந்தையோடு பகல் முழுக்கத் தனியே: எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: யாழ்ப்பாணம் சொந்த ஊர். பிரசவத்துக்கு அங்கே போய்விட்டு வெள்ளவத்தை பிளாட்டுக்குத் திரும்பி வந்து 3 கிழமை. பிள்ளைக்கு 5 மாதம், வேலையை விட்டாயிற்று. கணவர் காலை 7 மணிக்குப் போனால் இரவு 8 மணிக்குத்தான் வருவார். சிங்களம் அவ்வளவாக வராது. இங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பதில்: ஊரில் அம்மா ஒரு ஆள் போலத் தெரிவார், பார்த்ததோ நாலு ஆளின் வேலை. நீங்கள் குளிக்கப் போனால் பிள்ளையை வாங்கினார், சமைத்தார், உடம்பு சுட்டால் தொட்டுப் பார்த்து ஒரு முடிவு சொன்னார், வாய்ப்பேச்சுக்கும் இருந்தார். கொழும்புக்கு வந்ததும் இந்த நாலையும் கணவர் ஒருவரிடமே எதிர்பார்க்கிறோம். 8 மணிக்கு வரும் மனிதரால் அது ஏலாது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆள் பிடிக்க வேண்டும்.

முதலில் பிடிக்க வேண்டியவர் உங்கள் பகுதி அரசாங்க மருத்துவிச்சி. பிரசவத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் பெண்கள் தவறவிடுவதும் இதைத்தான். உங்கள் பெயர் இன்னும் ஊர் மருத்துவிச்சியின் பதிவில்தான் கிடக்கும். இங்கே இருப்பவருக்கு நீங்கள் வந்ததே தெரியாது, தேடியும் வரமாட்டார். வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபைக்குள் வருவதால் மாநகர சபையின் தாய் சேய் கிளினிக்குக்குப் பிள்ளையின் கிளினிக் புத்தகத்தோடு போய்ப் பதியுங்கள். தெஹிவளைப் பக்கம் என்றால் அந்தப் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. 6 மாத ஊசி கிட்ட வந்துவிட்டது. அதன்பின் 9, 12, 18 மாதங்களில் அடுத்தவை. விற்றமின் ஏ மருந்தும் 6 மாதத்தில் தொடங்கும். ஊருக்குப் போகும்போது புத்தகத்தை மறக்காதீர்கள். அது கையில் இருந்தால் ஊசியை அங்கேயும் போடலாம்.

தனியாக இருப்பவரை உண்மையில் ஆட்டிவைப்பது காய்ச்சல். யாழ்ப்பாணத்து மழை ஐப்பசி, கார்த்திகையோடு வரும். இங்கே வைகாசியிலேயே தொடங்கிவிடும், பின்னாலேயே டெங்குவும் வரும். டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும், ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள். பிளாட்டில் அது பெருகும் இடங்கள் குளிர்சாதனப் பெட்டியின் பின் தட்டு, பூச்சாடித் தட்டு, அடைத்துப்போன பல்கனித் தண்ணிக் குழாய். முட்டை நுளம்பாக மாற ஒரு கிழமை அளவில் போதும் என்பதால் கிழமைக்கு ஒரு நாள் கட்டாயம் கொட்டிக் கழுவுங்கள்.

பரசிற்றமோல் பாணியை வயதைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது. நிறைதான் கணக்கு: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. 7 கிலோப் பிள்ளைக்கு 105 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் 4 மில்லிலீற்றருக்குச் சற்று மேல். போத்தலில் உள்ள அளவை வாசிக்காமல் ஊற்ற வேண்டாம். இபுபுரோபன், அஸ்பிரின் கிட்டவும் கூடாது, டெங்கு என்றால் இரத்தக் கசிவைக் கூட்டும். ஒரு வயதுக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டொக்டரிடம் காட்டி, இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். காய்ச்சல் விட்டதும் பிள்ளை சோர்ந்து, பால் குடிக்காமல், சிறுநீர் குறைந்து கிடந்தால் 'சுகம் வருகிறது' என்று இருந்துவிடாதீர்கள். டெங்கு மோசமாவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். நேரே ஆஸ்பத்திரி. பொரளையில் ரிட்ஜ்வே சீமாட்டி சிறுவர் வைத்தியசாலை, உங்களுக்குப் பக்கத்தில் என்றால் களுபோவில ஆஸ்பத்திரி. இலவச அம்புலன்ஸுக்கு 1990.

மொழிக்குப் பயப்பட வேண்டாம், பத்துச் சொல் போதும். காய்ச்சல் 'உண', இருமல் 'கெஸ்ஸ', மருந்து 'பெஹெத்', பிள்ளை 'பபா'. பிள்ளையின் நிறை, காய்ச்சல் தொடங்கிய நேரம், கடைசியாக மருந்து கொடுத்த நேரம் மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால் பாதிப் பேச்சு மிச்சம்.

வீட்டு வேலைக்கு ஆள் வைப்பவர்கள் அனேகமாகத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டுத் தாங்கள் சட்டி கழுவுகிறார்கள். கிழமைக்கு 3 நாள், 2 மணித்தியாலம் வரும் ஒருவரைப் பிடித்து, கூட்டுதல், கழுவுதல், தேங்காய் துருவுதல் எல்லாவற்றையும் அவரிடம் விடுங்கள். அந்த நேரம் பிள்ளையோடு நீங்கள் படுங்கள்.

புட்டு, இடியப்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமையே ஒரு கிலோ கோதுமை மாவைத் துணியில் கட்டி முக்கால் மணித்தியாலம் அவித்து, சூட்டோடு கட்டி உடைத்து அரித்துவிடலாம். கொழும்பில் இது பூஞ்சணம் பிடிக்கக் காரணம், ஆற முன் டின்னில் அடைப்பது. ஆவி மூடியில் வேர்த்து மாவுக்குள் விழும். தாளில் பரப்பி நன்றாக ஆறிய பிறகுதான் மூட வேண்டும். மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் வாங்கலாம். அம்மாவின் தூள்தான் வேண்டும் என்றால் இரவு பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லுங்கள், விடியக் காலி வீதியில் போய் எடுக்கலாம்.

மழைக் காலத்தில் துணி நாப்பி காய இரண்டு நாள் எடுக்கும், 24 துண்டாவது கையில் வேண்டும். ஈரத்தோடு கட்டினால் தொடை மடிப்பில் சிவந்து, சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளி வரும். அது பூஞ்சைத் தொற்று. பவுடர் போட்டு ஆறாது, கிளினிக்கில் காட்டிப் பூச்சு வாங்க வேண்டும்.

6 மாதம் முடிந்ததும் சோறு. கஞ்சித் தண்ணியில் தொடங்குவது பழைய பிழை, வயிறு நிரம்பும், சத்துக் கிடைக்காது. கரண்டியைச் சரித்தால் வழியாத அளவுக்கு மசித்து 2, 3 தேக்கரண்டியில் தொடங்கி, சில நாளில் பருப்பு, பூசணி, பிறகு மீன், முட்டை. ஒரு வயது வரை தேன் வேண்டாம், சேனை வைக்கும் ஆச்சிமார் கோபித்தாலும் சரி.

கணவருக்கு 'உதவி செய்யுங்கோ' என்று சொன்னால் விளங்காது. நேரத்தைச் சொல்லுங்கள்: விடிய 5.30 முதல் 6.45 வரை பிள்ளை அவருடைய கையில், நீங்கள் தூங்குகிறீர்கள்.

அம்மாவோடு இரவில் பேசாமல் அவர் காலையில் சமைக்கும்போது வீடியோ கோல் எடுத்து, போனை அடுப்படியில் வைத்துவிடச் சொல்லுங்கள். இரவில் கோல் எடுத்தால் அழுகைதான் வரும், அவரும் 'இங்க வந்திரு பிள்ளை' என்பார். பின்னேரம் 5 மணிக்கு மெரைன் டிரைவ் பக்கம் பிள்ளையோடு போனால் நாலு நாளில் முகம் பழகிவிடும். பிள்ளை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு கிழமை தாண்டினால் மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கும் எடுக்கலாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. வாக்காளர் பதிவு இன்னும் ஊரிலா? அரசாங்கப் பாடசாலையில் முதலாம் வகுப்புக்குச் சேர்க்க வதிவிடப் புள்ளி கணக்கிடும்போது முந்திய 5 வருட வாக்காளர் இடாப்பைப் பார்ப்பார்கள். பிள்ளைக்கு 5 மாதம் என்றால் இப்போதே கிராம சேவகரிடம் போக வேண்டும். வாடகைக்காரர் பெயரைப் பதிய சில வீட்டுக்காரர் இழுத்தடிப்பார்கள். அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது அட்வான்ஸ் கொடுக்க முன் இதைப் பேசி முடியுங்கள்.